டயாலிசிஸ் அறையில் ஒரு நிருபம்

வேதாகமத்தில் நிருபம் எனப்படும் கடிதங்களில் ஒன்றை முழுசாக மனப்பாடம் செய்திருந்தேன். சபையில் எழுந்து சொல்ல வெட்கம். இரண்டு வருடம் குளியலறையில் மட்டுமே சொன்னேன். மைசூரில் நான் நர்ஸாக இருக்கும் டயாலிசிஸ் அறையில் நோயாளிகளால் நான்கு மணி நேரம் எழுந்து போக முடியாது. ஒரு நாள் துணிந்து, ஹனூரிலிருந்து வரும் பெரியவரிடம், "ஐயா, ஒன்னு சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "ரிப்போர்ட் வந்துருச்சுங்களா சிஸ்டர்?"

"இல்லைங்க, வேத வசனம். இருபது நிமிஷம் ஆகும்."

"அவ்வளவுதானுங்களா? சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் மறந்து நின்றபோது பக்கத்துக் கட்டில் அம்மா, "அப்புறம்?" என்றார். மிச்சமும் வந்துவிட்டது. முடித்ததும் கடைசிக் கட்டில்காரர் தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். அடுத்த முறை அறையின் நடுவில் நின்று சொன்னேன்.