லிப்ட்காரரை எந்த இனத்தில் தேடுவது?

அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். அப்பா தமிழர், அம்மா வேற்றினத்துப் பெண். பேரும் பேச்சும் அப்பாவுடையவை, முகம் மட்டும் அச்சு அசல் அம்மா. கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் அவரிடம் அம்மாவின் மொழியில்தான் விலை சொல்வார்கள். இவர் தமிழில் பேரம் பேசினால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

"நீங்க எந்த ஆளு?"

"இந்த நாட்டு ஆளு."

"அது தெரியுது. அதுக்கு மேல?"

"மேலன்னா லிப்ட்ல போங்க" என்று சிரித்துவிட்டு நகர்வார்.

ஒரு நாள் காலையில், லிப்ட்டின் கூரைமேல் நின்று வேலை செய்தவர் கால் வழுக்கி விழுந்துவிட்டார். அடையாள அட்டை இருந்த பணப்பை உடை மாற்றும் அறையில் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று மட்டும் கம்பெனியிலிருந்து மனைவிக்குப் போன் வந்தது.

தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு அவள் ஓடினாள். வரவேற்பு மேசைப் பெண் கணினியில் பேரைத் தேடிப் பார்த்தாள். இல்லை.

"பேரு தெரியாம ரெண்டு பேர் வந்திருக்காங்கம்மா. ஆனா தமிழர் யாரும் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கீழ பிணவறையிலயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க."

பாதிப் படி இறங்கியவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். தமிழர் இல்லை என்று யார் சொன்னது? அவரைக் கேட்டா எழுதினார்கள்? முகத்தைப் பார்த்துத்தானே! விறுவிறுவென்று மேலே வந்தாள்.

"இனத்தை விடும்மா. நீலச் சட்டை, லிப்ட் கம்பெனி பேரு போட்டது, கையெல்லாம் கிரீஸ். அப்படி யாராச்சும்?"

"அட, அவரா! மூணாவது மாடி. ஆனா அவரு..."

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை.

காலில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். கண் விழித்திருந்தார். "சாப்பிட்டியா?" என்றார். அவள் கட்டில் கம்பியில் தலை சாய்த்து, பிள்ளை மாதிரி அழுதாள். "உங்களை எங்க போய்த் தேடச் சொன்னாங்க தெரியுமா?"

நர்ஸ் சங்கடத்தோடு அருகில் வந்தார். "நான்தான் பாரத்துல இனத்தை மாத்திப் போட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க. என்னன்னு திருத்தட்டும்?"

"இந்த நாட்டுக்காரன்னு போடுங்க சிஸ்டர்."

"அதுல எனக்குச் சந்தேகமே வரல சார். அரை மயக்கத்துல இங்க பேசுற நாலு பாஷையும் கலந்து திட்டிக்கிட்டே வந்தீங்க. நம்ம நாட்டு ஆளைத் தவிர வேற யாருக்கு அது வரும்? நான் கேக்குறது இனம். அது வேற."

"தமிழர்னு போடுங்க" என்றாள் மனைவி.

"போட்டா, பெத்தவ நான் எங்க போனேன்னு அம்மா சண்டைக்கு வருவாங்க." சிரிக்கப்போய், தையல் இழுத்து முகம் சுளித்தார்.

நர்ஸும் சிரித்துவிட்டார். இனத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, பேரை மட்டும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மனைவி மாமியாரைப் போனில் கூப்பிட்டாள். "கால்தான் அத்தை. வேற ஒண்ணும் இல்ல. நல்லாப் பேசுறார்."

மறுமுனையில் அத்தை தம் மொழியில் கடவுளைக் கூப்பிட்டார். பிறகு கொச்சைத் தமிழில், "போனை அவன்கிட்ட குடு, முதல்ல நாலு திட்டணும்" என்றார்.