டிக்கியில் படுத்துக் கேட்ட சத்தம்

போன வாரம் கறம்பக்குடியில் ஒரு கல்யாணம். புதுக்கோட்டையிலிருந்து வாடகைக் கார் பிடித்துப் போனேன். ஊரைத் தாண்டி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் 'டொடக்' என்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் இன்னொரு தடவை.

"பின்னாடி சத்தம் வருதே தம்பி" என்றேன்.

"அது அப்படித்தான் சார் வரும்" என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட காது அந்தக் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. திரும்பி வர ஏறினால், வெயிலில் நின்ற வண்டிக்குள் கால்மிதி ரப்பர் சுடும் வாசனை. எங்கள் பழைய வெள்ளைக் காரில் அப்படியே இருக்கும் அந்த வாசனை. கூடவே கொஞ்சம் புளித்த பால் நெடியும் வரும். அது காருடையது இல்லை, என்னுடையது.

அப்போது நான் அன்னவாசலில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதகராக இருந்தேன். விடிந்ததும் கேன் கேனாகப் பால் வரும். ஒவ்வொன்றிலும் லாக்டோமீட்டரை விட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுகிற வேலை. அதை வேலையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். நான் கையோடு எடுத்துப் போகிறவன். கடையில் பருப்பு வாங்கினால் கல் இருக்கிறதா என்று பார்ப்பேன். கல் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று யோசிப்பேன்.

எங்கள் வெள்ளைக் காரைக் கொடுத்தவன் அடைக்கலம். என் மனைவி அமுதாவின் அண்ணன். அதற்கும் முன்னால் என் பள்ளிக்கூட சிநேகிதன். அவன் தங்கையை எனக்குக் கட்டி வைக்க வீட்டில் பேசியதே அவன்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது, "சும்மா நிக்க வேணாம் மாப்ள, நீயே வச்சு ஓட்டு. புள்ளைய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு பஸ்ஸுல அலைவீங்க" என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனான். மற்றவர்களாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவ்வளவு குறைத்துக் கொடுக்கிறானே, என்ன காரணம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வண்டி வந்த மூன்று வாரத்தில் சத்தம் ஆரம்பித்தது. நல்ல சாலையில் ஒன்றும் இருக்காது. சின்னப் பள்ளம், வேகத்தடை, மாட்டு வண்டித் தடம் என்று ஏதாவது வந்தால் போதும், பின்னால் 'டொடக்'. முதலில் ஸ்டெப்னி என்று நினைத்து அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டினேன். வந்தது. ஜாக்கியைத் துணியில் சுற்றி வைத்தேன். வந்தது. அன்னவாசலில் பட்டறை வைத்திருந்த காசிம் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் சைலன்ஸரை ஆட்டிப் பார்த்தார், ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கிரீஸ் வைத்தார், நிறுத்திய வண்டியை அமுக்கிப் பார்த்தார். நின்ற இடத்தில் அது ஒரு சத்தமும் போடவில்லை. டாக்டரைப் பார்த்ததும் சிலருக்கு இருமல் நின்றுபோகுமே, அந்த மாதிரி.

எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இடது பின்பக்கத்தில் வெள்ளை கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கல்.

"அண்ணே, இது பின்னாடி அடிபட்ட வண்டியா இருக்குமோ?"

"இருக்கலாம். பழைய வண்டிதானே" என்றார் காசிம் அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே. அவருக்கு அடுத்த வண்டி காத்திருந்தது. அவர் சொன்னது 'இருக்கலாம்'. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் மனதில் அது 'இருக்கிறது' ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அடைக்கலத்துக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் போன் போடுவான். அந்த வெள்ளிக்கிழமை போனை நான் எடுத்தேன். அங்கே வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

"மச்சான், உண்மையச் சொல்லு. வண்டி எங்கிட்டாவது அடிபட்டுச்சா?"

"இல்லையேடா. ஏன்?"

"பின்னாடி பெயிண்டு வேற மாதிரி இருக்கு. சத்தம் வேற வருது. ஒந்தங்கச்சியும் அவ புள்ளையும் போற வண்டிடா அது. மறைச்சு எங்க தலையில கட்டிட்டியா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அவன் அணைப்பது கேட்டது. பிறகு, "அமுதாகிட்ட குடு" என்றான்.

அமுதா போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"வண்டிய எடுங்க. நான் டிக்கில படுத்துக்கிறேன். எங்கேருந்து சத்தம் வருதுன்னு பாத்துருவோம்."

தன் அண்ணன் தப்புச் செய்திருக்க மாட்டான் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அதற்காகத்தான் ஒரு போர்வையை விரித்து அந்த டிக்கிக்குள் ஏறிப் படுத்தாள். காற்று வர, மூடியை முழுக்க மூடாமல் கயிற்றால் கட்டினேன். சித்தன்னவாசல் போகிற சாலையில் மெதுவாக ஓட்டினேன். பள்ளம் பார்த்து விலக்குகிறவன், அன்றைக்குப் பள்ளம் தேடி விட்டேன். 'டொடக்' வரும்போதெல்லாம் உள்ளேயிருந்து, "இன்னொருக்கா" என்று அவள் குரல் கேட்கும்.

எதிரே டிராக்டரில் வந்தவர் எங்களைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்திருக்கிறார். டிக்கி இடுக்கில் தொங்கிய சேலைத் தலைப்பைப் பார்த்ததும் டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்து என் வண்டியை மறித்தார்.

"பொம்பளைய டிக்கில போட்டு எங்க கொண்டு போற?"

 ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுப் பழகியவனுக்கு, தன்னை ஒருவர் சந்தேகப்பட்டால் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இடுக்கு வழியாக அமுதா, "எங்க வீட்டுக்காரருதாங்க. வண்டில சத்தம் வருது, பாக்குறோம்" என்றாள். அவர் கயிற்றை அவிழ்த்து, அவள் முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் போனார். போகும்போதும் என்னை நம்பிப் போனதாகத் தெரியவில்லை.

அமுதா கீழே இறங்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, டிக்கியின் இடது மூலையில் விரிப்புக்கு அடியில் வைத்தாள். "இங்கதான் தட்டுது. கை வச்சுப் பாத்தேன், குதிக்குது." அது ஷாக் அப்சார்பரின் மேல்முனை. நட்டு என் விரலுக்கே சுழன்றது. அதற்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் இல்லை. வலது மூலையில் பார்த்தோம். அங்கே ரப்பர் இருந்தது, நட்டில் துரு ஏறியிருந்தது. இடது நட்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

"யாரோ இப்பக் கொஞ்ச நாளைக்கு முன்னாடிதான் கழட்டியிருக்காங்க" என்றாள். பிறகு குரல் இறங்கி, "அண்ணன் எங்கிட்டகூடச் சொல்லலியே" என்றாள்.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போர்வையில் ஒட்டிய தூசி அவள் கன்னத்தில் இருந்தது. அண்ணன்மேல் வைத்திருந்த நம்பிக்கை அவள் முகத்திலிருந்து வடிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றேன்.

வண்டி வந்த முதல் வாரம், டீசல் போடப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டையில் முன்பின் தெரியாத ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அடிபட்ட அடையாளம் இருக்கிறதா என்று இடது பின்பக்கத்தை அவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். அந்த ஆள் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். ரப்பரை விட்டதும் நட்டை ஒழுங்காக இறுக்காததும் அவர் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து சத்தம் வர இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

"பாத்துட்டு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்குன்னாரு."

"அப்ப, சுத்தமா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் அண்ணன்கிட்ட அப்படிக் கேட்டீங்களா?"

அந்த ஆளும் அடைக்கலமும் கூட்டாக இருப்பார்களோ என்று நினைத்ததை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"அந்த ஆளுக்கு அண்ணனத் தெரியுமா?"

"தெரியாது."

 முன்கதவை நான் திறந்து பிடித்தேன். அவள் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

காசிம் அண்ணன் புது ரப்பர் போட்டு இறுக்க பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயிண்டைப் பற்றிக் கேட்டேன். "இந்தப் பக்கம் கொட்டகை நிழல்ல நின்ன வண்டி. அங்கிட்டு வெயிலு தின்னுருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார். வீடு வரைக்கும் வண்டி மூச்சுக்காட்டவில்லை. நாங்களும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே போனை எடுத்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அடைக்கலம் பொறுமையாகக் கேட்டான்.

"பரவாயில்லீங்க மாப்ள. சத்தம் நின்னுருச்சுல்ல, அது போதும்."

கோபத்தில்தான் 'டா'வை விட்டு 'ங்க' போடுகிறான், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்து கட்டுமாவடியில் மீன் ஏற்றுமதி வியாபாரம் ஆரம்பித்தான். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நண்டு, இறால் என்று ஐஸ் பெட்டியில் கொண்டு வருவான். என் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தவனும் அவன்தான். "நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா, வாரேங்க." ஒரு குறையும் சொல்ல முடியாது. உறவுக்காரர்கள், மச்சானும் மாப்பிள்ளையும் எவ்வளவு மரியாதையாக இருக்கிறார்கள் பாருங்கள் என்பார்கள். அமுதா மட்டும் அப்போது வேறு பக்கம் பார்ப்பாள்.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் அவனிடமிருந்து போன். எடுத்ததும், "டேய், எங்கடா இருக்க? எம்புட்டு நேரமா நிக்கிறேன், வந்து தொலையேன்டா" என்றான்.

அறுபதை நெருங்குகிறவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வீட்டிலதான்டா இருக்கேன், இந்தா வந்துட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அய்யய்யோ, மாப்ள, நீங்களா" என்றது குரல். "தப்பா நெனச்சுக்காதீங்க. வேற ஆளுக்குப் போட்டது மாறி வந்துருச்சு."