தோணிக்காரன் பாட்டின் மூன்றாவது சரணம்

தில்லையடியில் கலியாண வீடுகளுக்கு உட்காரக் கதிரையும் பந்தலும் வாடகைக்குக் கொடுக்கும் கடை மர்ளியாவுடையது. கடையின் முன்பக்கம் கதிரைகள் அடுக்கியிருக்கும். பின்னறை முழுக்க இசைத்தட்டுகள். அத்தனையும் சோல் இசை. அமெரிக்கக் கறுப்பின மக்கள், தேவாலயத்தில் பாடிப் பழகிய குரலால் காதலையும் பிரிவையும் பாடிய பாட்டுகள்.

இந்தப் பைத்தியம் தற்செயலாகத்தான் பிடித்தது. சில வருடங்களுக்கு முன், கற்பிட்டியில் மூடப்போன ஒரு விருந்தினர் விடுதியின் தளபாடங்களை அவள் மொத்தமாக வாங்கினாள். அவற்றோடு இசைத்தட்டு இயந்திரமொன்றும் ஒரு பெட்டி நிறையச் சின்ன இசைத்தட்டுகளும் வந்தன. இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்கக் கைக்கு அகப்பட்ட தட்டை வைத்தாள். ரோஸ்கோ டில்மன் என்பவர் பாடிய ‘ஃபெரிமேன், வெயிட்’. ஆற்றங்கரையில் நிற்கும் ஒருவன், அக்கரையில் காதலி காத்திருக்கிறாள், கொஞ்சம் நில் என்று தோணிக்காரனைக் கெஞ்சுகிறான். மர்ளியா தூசு துடைக்கும் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். முடிந்ததும் திரும்ப வைத்தாள். அதற்குப் பிறகும் வைத்தாள்.

உப்பு லொறி ஓட்டும் அவளுடைய கணவர் அத்தாஉல்லா எட்டிப் பார்த்தார்.

“அந்த மனிசன் என்னத்துக்கு இப்பிடிக் கத்துறார்?”

“கத்தல்லங்க, கெஞ்சுறார். நல்லாக் கேளுங்க, அழுகை வார எடத்திலயும் பாட்ட விடல்ல.”

அன்றிலிருந்து அந்தப் பாட்டின் ஒவ்வொரு வடிவத்தையும் அவள் தேடத் தொடங்கினாள். வயலின் சேர்த்துத் திருப்பி வெளியிட்ட தட்டு ஒன்று கிடைத்தது. ஜமைக்காவில் வேறு தாளத்தில் பாடியது ஒன்று. இத்தாலி மொழியில் ஒரு பெண் பாடியது இன்னொன்று. எந்தத் தட்டில் ஊதுகருவி முந்தி வருகிறது, எதில் பாடகர் மூச்சு இழுப்பது கேட்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இணையத்தில் இதே பித்துப் பிடித்தவர்களின் குழுவொன்றில் சேர்ந்தாள். அங்கே நெருக்கமானவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துத் தபால்காரர் கீத்.

கீத்தான் அந்தக் கதையைச் சொன்னார். பாட்டுக்கு மூன்றாவது சரணம் ஒன்று இருந்ததாம். வானொலிக்கு நீளம் கூடிப்போயிற்று என்று முதலில் அச்சான தட்டுகளை அழித்துவிட்டு, இரண்டு சரணத்தோடு மறுபடி அச்சிட்டார்களாம். மூன்றாவதைக் கேட்டவர் எவரையும் தான் சந்தித்ததில்லை, ஒருவேளை வெறும் கட்டுக்கதையாகவும் இருக்கலாம் என்றார்.

போன வருடம் ஒருநாள் அத்தாஉல்லா சிலாபத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். ஒலிபெருக்கிக் கடையொன்றில் பழைய சாமான் விற்கிறார்களாம்.

“மர்ளியா, ஒரு றெக்கோட் ஈக்கி. தமிழ் எழுத்து. ‘தோணிக்காரா, நில்லு’ண்டு போட்டீக்கி. ஒன்ட ஆள்ட பாட்டுத்தானோ?”

“யா அல்லாஹ்! யாரு பாடினதாம்?”

“அனஸ்தாசியாவும் குழுவும்.”

“வாங்குங்க! மடியில வச்சிக்கிட்டு வாங்க!”

“அப்ப லொறிய யாரு ஓட்டுற?”

அவர் வந்து சேரும்வரை அவள் கடைக்கும் தெருவுக்கும் நடந்தாள். தட்டு சுழன்றதும் சந்தேகமே இல்லை. அதே மெட்டு. சின்ன வயதுப் பெண் குரல், ஆனால் துணிச்சலான குரல். முதல் சரணம், இரண்டாம் சரணம். அங்கே முடிய வேண்டிய பாட்டு முடியவில்லை.

*தோணிக்காரா, துடுப்பை நிறுத்து,*
*அக்கரையில் விளக்கில்லை.*
*நான் வந்த கரைக்கே என்னை விடு,*
*அங்கே யாரோ அழும் சத்தம்.*

இத்தனை காலம் அக்கரைக்குப் போகத் துடித்தவனின் பாட்டு என்று மர்ளியா நினைத்திருந்தாள். இது நடு ஆற்றில் மனம் மாறியவனின் பாட்டு! ஆனால் இந்த வரிகளைத் தமிழில் பாடியவர்களே சேர்த்தார்களோ? அதை அனஸ்தாசியாவிடம்தான் கேட்க வேண்டும். எங்கே போய்த் தேடுவது?

விசாரிக்காத இடமில்லை. ஆறு மாதமாகியும் தடயம் கிடைக்கவில்லை. ஆனாலும் கடையில் அந்தப் பாட்டு ஓயவில்லை. ஒருநாள் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து சுஜீவா என்ற பெண், மகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்குக் கதிரை கேட்டு வந்தாள். பேச்சின் நடுவே காதைக் கூர்மையாக்கினாள்.

“அக்கா, இந்தப் பாட்டு உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது? இது எங்கட அனஸ்தாசியா மாமியின்ர குரல்!”

“மாமி ஈக்கிறாங்களா?”

“ஓம், தோட்டத்தில மிளகாய் ஆயிறா.”

மர்ளியா அப்போதே கடையைப் பூட்டினாள். கதிரை பிறகு வரும் என்று சுஜீவாவிடம் சொல்லிவிட்டு, இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஆட்டோவில் ஏறினாள்.

அனஸ்தாசியா எழுபதைத் தாண்டியவர். தலையில் துவாயைக் கட்டி, மிளகாய்ச் செடிகளுக்கிடையே நின்றார். கேள்வியைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

“நான் ஏன் பிள்ளை சொந்தமா எழுதப்போறன்? றெக்கோட்டில இருந்ததைத்தான் தமிழாக்கினன். நாங்கள் கொழும்பில ஒரு ஹோட்டல்ல பாடினம். அங்க வந்த கப்பல் சமையல்காரன் ஒருத்தன் தந்தவன்.”

“அந்த றெக்கோட் எங்க, அன்ரி?”

“அலுமாரிக்குள்ள கிடக்கும்.”

கிடந்தது. துணி மடிப்புகளுக்கு அடியில், உறையில்லாமல். மர்ளியா இயந்திரத்தைத் திறந்தாள், அனஸ்தாசியாதான் ஊசியை வைத்தார். கரகரப்பு. பிறகு ரோஸ்கோ டில்மனின் குரல். இரண்டாம் சரணம் முடிந்தது. ஊதுகருவிகள் தாழ்ந்தன, அவர் தொடர்ந்தார். தோணியைத் திருப்பு என்றார்.

மர்ளியா கூவியேவிட்டாள். மூவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். உடனே கீத்துக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். அவர் தபால் பையோடு தெருவில் நின்றார். பாட்டை முழுவதும் கேட்டார். பிறகு அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

இந்த வருடம் இங்கிலாந்தில் ஒரு சின்ன நிறுவனம், உரியவர்களிடம் அனுமதி வாங்கி, அந்தப் பாட்டைப் புதிய தட்டாக வெளியிட்டது. ஒரு பக்கம் ரோஸ்கோ டில்மன், மறுபக்கம் அனஸ்தாசியா. தன் குரலைக் கேட்டுவிட்டு அவர், “அண்டைக்கே இன்னொரு சோல் பாட்டும் தமிழில பாடி எடுத்தனாங்கள். அது வெளியில வந்ததோ தெரியாது” என்றார்.

மர்ளியா எழுந்தே விட்டாள். “அன்ரி! இத ஏன் முந்தியே செல்லல்ல?”

“நீ கேக்கேல்லையே, பிள்ளை!”

போன கிழமை, அந்த இரண்டாவது தட்டைத் தேடி அத்தாஉல்லாவின் லொறி சிலாபத்து ஒலிபெருக்கிக் கடைக்குப் புறப்பட்டபோது முன் ஆசனத்தில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மதுரங்குளி தாண்டியதும் அனஸ்தாசியா அந்த இரண்டாவது பாட்டை, நினைவிலிருந்த மட்டும், உரத்த குரலில் பாடத் தொடங்கினார். அத்தாஉல்லா கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.