பஞ்சாலையின் சிவப்புப் புள்ளி

கத்திரிக்காயின் காம்பைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார் பஞ்சாலை. அம்பாங்கான் ஊரின் காய்கறிக் கடைக்காரர் வேறு பக்கம் பார்ப்பதுபோல் நிற்கிறார். "இது ரிஜெக்ட் லா." காய் கூடைக்குத் திரும்புகிறது. பத்தில் ஆறு தேறினால் அன்று கடைக்காரருக்கு நல்ல நாள்.

செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து, அரிசிமணியைவிடச் சின்னதான சில்லுகளில் கீறல் தேடியவர் பஞ்சாலை. வேலையை விட்டு நான்கு வருடமாகிறது. பார்வை மட்டும் இன்னும் ஷிப்ட்டில்தான் இருக்கிறது. கணவர் அர்ச்சுனன் மடித்து வைக்கும் துண்டுகூட இந்தச் சோதனைக்குத் தப்புவதில்லை. தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் அவர். "நம்மள மட்டும் எப்படிப் பாஸ் பண்ணினாளோ," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சுங்கை காடுட்டைத் தாண்டி, ரப்பர் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட தோட்டத்தை ஒட்டி இவர்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம். நடுவில் பலகை வீடு. சுற்றிலும் வாழையும் மரவள்ளியும். தொழிற்சாலையில் ஏசி குளிரில் விரல் விறைத்த நாளெல்லாம் பஞ்சாலை கனவு கண்ட நிலம் இது. காட்டுப்பன்றிகளும் இதைத்தான் கனவு கண்டிருக்கும் போலிருக்கிறது. மரவள்ளி விரல் பருமன் ஆனதும் கூட்டமாக வந்து உழுதுவிட்டுப் போயின. ஒரு விடிகாலை பெரிய ஆண்பன்றி ஒன்று வீட்டுப் பின்கதவையே முட்டிப் பெயர்த்தது. கோப்பி கலக்கிக்கொண்டிருந்த அர்ச்சுனன் அடுப்புத்திட்டின்மேல் ஏறி நின்றார். பஞ்சாலை பாராங் கத்தியால் தகரத்தை அடித்து அதை விரட்டிவிட்டு வந்து பார்த்தபோதும் அவர் இறங்கவில்லை. கையில் கோப்பி மட்டும் சிந்தாமல் இருந்தது.

அதன்பிறகுதான் துப்பாக்கி வந்தது. குழலை மடித்து ஒரே ஒரு தோட்டா போடும் ஒற்றைக்குழல். பயிரைக் காக்க உரிமம் கேட்டுப் பஞ்சாலை போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்தார். புருஷன் இருக்க நீ எதற்குக் கேட்கிறாய் என்றார் அதிகாரி. குக்கர் விசில் அடித்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும் என்று பஞ்சாலை மறைக்காமல் சொன்னார். உரிமம் பஞ்சாலையின் பெயரிலேயே கிடைத்தது. இரும்பு அலமாரியில் துப்பாக்கி, இடுப்பில் சாவி.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் போனது. நிலத்துக்கு வாரம் இரண்டு தடவை காலையில் வந்து வாழையிலை அறுத்துப் போவார் ஜபருல்லா. அம்பாங்கானில் உணவுக்கடை வைத்திருப்பவர். இலைக்குப் பதிலாக மீன்கறியும் சிரிப்பும் கொண்டு வருவார். மூன்று வருடப் பழக்கம். பஞ்சாலை அவருக்கு அக்கா. அவர் பஞ்சாலைக்குப் பாய்.

ஒரு நாள் அந்தி நேரம். மரவள்ளிச் செடிகள் தாழ்வாக அசைந்தன. கறுப்பாக, குனிந்தபடி ஒன்று முன்னேறியது. பஞ்சாலை துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார். குழல் முனையிலுள்ள பித்தளைக் குமிழ் கலங்கித் தெரிந்தது. விரல் விசையைத் தொட்டுவிட்டது. அப்போது அந்தக் கறுப்பு உருவம் நிமிர்ந்து, இலைக்கட்டைத் தலையில் தூக்கி வைத்தது. மறுநாள் கல்யாணச் சாப்பாட்டுக்கு இலை போதாமல், நேரங்கெட்ட நேரத்தில் வந்திருந்த ஜபருல்லா. அவர் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வேலிக்கு அப்பால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு, தேய்ந்து, மறைந்தது.

பஞ்சாலை தோட்டாவை எடுத்தார். அலமாரியைப் பூட்டினார். சாவியை அரிசிப் பானைக்குள் ஆழமாகப் புதைத்தார். மூன்று மாதம் அதைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. பன்றிகள் பாதி நிலத்தைத் தின்றன. "தின்னுட்டுப் போவட்டும்" என்று பஞ்சாலை சொன்னதும்தான் அர்ச்சுனனுக்குப் பயம் வந்தது. எதையும் அப்படி விடுகிற பெண் இல்லையே. இரண்டு நாள் கெஞ்சிக் கேட்டு விஷயத்தைக் கறந்தார். பிறகு ஒரு வாரம் கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டு, துப்பாக்கியில் குறிபார்க்க ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினால் என்ன என்றார். பஞ்சாலை போலீஸ் நிலையத்தில் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்ட பிறகுதான் சிரம்பானுக்குக் கிளம்பினார்.

துப்பாக்கிக் கடை முதலாளி, எல்லோரும் 'தவுக்கே' என்று கூப்பிடும் ஒரு சீனர். தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் தண்ணீர்பட்ட பாடு. முதலில் ஒரு முழ நீளத்துக்குத் தூரக்கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்தார். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்களாம். பஞ்சாலை அதன் வழியே கடைவாசலைப் பார்த்தார். தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆளின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

"பொத்தான் எனக்கு எதுக்கு தவுக்கே? பக்கத்துல யாரு நிக்கிறா, பின்னால என்ன இருக்குன்னு தெரியணும். இருபது அடியில வர்ற பன்னிக்கு நிலாவப் பாக்குற கண்ணாடியா?"

தவுக்கே முதல்முறையாக அவரை ஏறிட்டுப் பார்த்தார். துப்பாக்கிமேல் மாட்டும் சின்னக் கண்ணாடிச் சன்னல் ஒன்றை எடுத்து வந்தார். உருப்பெருக்கம் கிடையாது. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி எரியும். இரண்டு கண்ணையும் திறந்தபடி, புள்ளி எங்கே படிகிறதோ அங்கே சுடலாம். வருகிறவர்களெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்களாம். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாம். பஞ்சாலைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரு கண் நுண்ணோக்கியில் ஆயுளைக் கழித்தவர் அல்லவா. பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது புள்ளி இல்ல. நசுக்குன மொளகாப்பழம். ரிஜெக்ட்."

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மிளகாய்க்கு வாலும் முளைத்திருந்தது. எல்லாம் நல்ல சரக்கு லா என்று தவுக்கே முகம் சிவந்தார். நான்காவதையும் பார்த்துவிட்டுக் கீழே வைத்த பஞ்சாலை நான்கையும் வரிசையாக அடுக்கினார். தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. வரிசையாக எல்லாச் சில்லிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் தெரிந்தால், சில்லைத் தூக்கிப் போடக்கூடாது; முதலில் நுண்ணோக்கியைத் துடைக்க வேண்டும். கைப்பேசியை எடுத்தார். கண் வைக்கும் இடத்தில் அதன் கேமராவை வைத்துப் படம் பிடித்தார். படத்தில் புள்ளி குங்குமப் பொட்டுபோல அப்பழுக்கில்லாத வட்டம்.

பஞ்சாலை சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான்தான் ரிஜெக்ட்டு தவுக்கே," என்றார். வருடா வருடம் கண்ணைச் சோதித்து அனுப்பியது தொழிற்சாலை. வெளியே வந்தபின் இரவுச்சந்தையில் வாங்கிய மலிவுக் கண்ணாடியோடு காலம் தள்ளியிருக்கிறார். ஊரில் உள்ள காயையெல்லாம் சோதித்தவர் தன்னை மட்டும் சோதிக்கவில்லை. தவுக்கேயும் சிரித்துவிட்டார். அன்று எதையும் விற்காமல், இரண்டு கடை தள்ளியிருந்த கண் பரிசோதகரிடம் தானே கூட்டிப்போய் விட்டார்.

கருவிழி ஒரு பக்கம் அமுங்கி, கோழிமுட்டை மாதிரி இருக்கிறதாம். அதனால்தான் ஒளி இழுபடுகிறது. புதுக் கண்ணாடி வந்த நாள் பஞ்சாலை வீட்டுக்குள் நுழைந்து, மோட்டுவளையில் இருந்த ஒட்டடையை எண்ணினார். அர்ச்சுனனின் முகத்தை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் ரிஜெக்டுக்குத் தயாராக நின்றார். பஞ்சாலை அவர் புருவத்தை நீவிவிட்டுப் போனார்.

மறுபடி கடைக்குப் போனபோது புள்ளி வட்டமாக இருந்தது. இருந்தாலும் அரை நாள் ஆனது. ஒன்றின் சன்னல் குறுகல். ஒன்றில் புள்ளியின் வெளிச்சம் குறையவில்லை. அந்தியில் அதுவே கண்ணைக் கூசவைத்து எதிரில் நிற்பதை மறைக்கும். கடைசியில், அகலச் சன்னலும் மங்கலாக்கும் பொத்தானும் உள்ள ஒன்றை எடுத்தார். கூடவே நல்ல டார்ச் ஒன்று. முதலில் வெளிச்சம் அடித்து என்னவென்று பார்ப்பது, அதன்பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு ஏறுவது. துப்பாக்கிக் கண்ணாடி குறிவைக்கத்தான், ஆளைத் தெரிந்துகொள்ள அல்ல என்று பஞ்சாலையே தவுக்கேவுக்குப் பாடம் எடுத்தார்.

ஆனால் அந்தக் கண்ணாடியைத் துப்பாக்கியில் மாட்டுமுன் ஒரு வேலை பாக்கியிருந்தது. ஒரு மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஜபருல்லாவின் கடைக்குப் போனார். நுரை பொங்க ஆற்றிய பால் டீ, தே தாரேக், வந்தது. பஞ்சாலை அதைத் தொடவில்லை.

"பாய், அன்னைக்கு அந்தியில எல அறுக்க வந்தீங்கள்ல. வேற ஒண்ணுன்னு நெனச்சு ஒங்களக் குறி வச்சிட்டேன்."

"வேற ஒண்ணுன்னா?"

பஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சொல்லை அவரிடம் எப்படிச் சொல்வது. ஜபருல்லாவுக்கு மெல்லப் புரிந்தது. கண்கள் விரிந்தன. பிறகு வயிறு குலுங்க ஒரு சிரிப்பு சிரித்தார். கல்லாவில் இருந்த மனைவி சமீனா எழுந்து வந்து பார்த்தார். "சுடலியேக்கா. அது போதும்," என்றார் ஜபருல்லா, கண்ணைத் துடைத்தபடி.

சிரித்தார்தான். ஆனால் அதன்பிறகு மூன்று வாரம் இலைக்கு வரவில்லை. பசார் சந்தையில் இலை வாங்குவதாகக் காதில் விழுந்தது. பஞ்சாலை குறை சொல்லவில்லை. வாழைமரத்தில் இலைகள் கிழிந்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டு போனார்.

மண்மேட்டுக்கு முன்னால் அட்டைப்பெட்டி வைத்துக் குறியைச் சரிசெய்தார்கள். பெட்டியில் பன்றி வரைந்தது அர்ச்சுனன். மாடு மாதிரி இருந்ததால் அது ரிஜெக்ட் ஆகி, வெறும் வட்டமே மிஞ்சியது. சின்னத் திருகாணியை அரைச் சுற்று திருப்பியதும் இரண்டாவது தோட்டா வட்டத்தின் நடுவே இறங்கியது. காதைப் பொத்தியிருந்த அர்ச்சுனன் கை தட்டினார். அடுத்த திங்கட்கிழமை விடியலில், பின்கதவைப் பெயர்த்த பன்றியின் அளவிலேயே ஒரு பெரிய ஆண்பன்றி. டார்ச், ஒரு மூச்சு, வட்டமான புள்ளி, ஒரே தோட்டா. தவுக்கே தகவல் கேட்டு, இறைச்சி வாங்கிப்போக மோட்டாரில் கோணியோடு வந்து சேர்ந்தார். மரவள்ளி இந்த முறை முழங்கைப் பருமனுக்கு விளைந்தது.

நேற்று அந்தி. பஞ்சாலை முக்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் துப்பாக்கி. வேலிப்பக்கம் ஒரு குரல்.

"அக்கா, நாந்தான் லா. நாளைக்கு எரநூறு எல வேணும்."

பளபளக்கும் மஞ்சள் மேலங்கியில் ஜபருல்லா, கம்பிக்கு வெளியே நின்றார்.  பஞ்சாலை துப்பாக்கியை மடித்தார். தோட்டாவை உருவி டப்பாவில் போட்டு, மூடியைச் சத்தம் கேட்க அழுத்தினார். வேலி வரை நடந்துபோய், மடித்த துப்பாக்கியில் தோட்டா போடும் வாய் அவர் பக்கம் இருக்கும்படி, வெறுங்குழலை வானத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். ஜபருல்லா குனிந்து, ஒரு கண்ணை மூடி அதனுள் பார்த்தார். மறுமுனையில் வானம் வெளிச்சமாக, வட்டமாக இருந்தது. பஞ்சாலை மறுகையால் வேலிக் கம்பியை அவருக்காகத் தூக்கிப் பிடித்தார்.