அநாதை டேபிள்களும் ஒரு பொய்க் கணக்கும்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை ஆலையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. அன்று மதியம் கொழுந்தை நிறுக்கும் வாசல் தராசு எதையும் பதியவில்லை. முன்பு நான் செய்த ஒரு மாற்றம் பாதியில் அறுந்து, டேட்டாபேஸில் எதோடும் சேராத அநாதை டேபிள்களை விட்டுப் போயிருந்தது. புது எடை எதுவும் ஏறாதபடி அவை இடத்தை முழுக்க அடைத்துவிட்டன.

அவற்றை அழிக்கச் சொன்னால், "அப்படி ஒரு டேபிளே இல்லை" என்றது டேட்டாபேஸ். அது இருப்பதோ ஒரு கிளவுட் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில். கோப்புகளை நாமாகத் தொட முடியாது. அந்த நிறுவனத்துக்கு எழுதிவிட்டு, பைத்தியம் மாதிரி அதே கட்டளையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே மழை. பறிப்பவர்களுக்கு எடைக்கு ஏற்பத்தான் கூலி; ஒவ்வொருவர் சாக்கையும் நிறுத்துப் பதியாமல் கொழுந்தை இறக்கக் கூடாது என்பது விதி. வாசலில் காத்து நின்ற கொழுந்து லாரியில் ஏறி ஒரு சாக்குக்குள் கை விட்டேன். சுட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அத்தனையும் சிவந்து குப்பைக்குத்தான் போகும்.

"ஒண்ணுமே முடியலக்கா," என்றேன் லாரியருகே நின்ற மேரியக்காவிடம்.

அங்கே எல்லாரையும்விட அதிகம் பறிப்பவர் அவர்தான். "கம்ப்யூட்டர அப்புறம் பாரு லா தம்பி, எல வேகுது," என்றவர், தன் சாக்கைத்தான் முதலில் அவிழ்த்து வராந்தாவில் கொட்டினார். மற்ற பெண்களும் அதன்மேலேயே கொட்டிப் பரப்பினார்கள். வேறு இடமில்லை.

"யாரோடது எவ்வளவுன்னு தெரியாதேக்கா?"

"எல்லாருக்கும் சமமா போட்டுரு."

சாயங்காலம் கிளவுட் நிறுவனத்தார் அந்த டேபிள்களை அகற்றினார்கள். மொத்தக் கொழுந்தையும் நிறுத்து, எல்லாப் பெயருக்கும் ஒரே எடையைப் பதிந்தேன்.

நான் தெரிந்தே எழுதிய பொய்க் கணக்கு அது ஒன்றுதான். அதை மட்டும் யாரையும் அழிக்க விடமாட்டேன்.