பத்தாம் வீட்டுக் கான்

கணவரின் உத்தியோகத்துக்காகக் கண்டியில் எங்களுக்குக் கிடைத்த கந்தோர் வீடு, மலைச்சரிவில் வரிசையாகக் கட்டிய பத்து வீடுகளில் கடைசி. பத்துக்கும் ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே பச்சைப் பெயின்ட். உத்தியோகத்தர் குடும்பங்கள் சுகாதாரமாக வாழவென்று கட்டியவையாம். படம் வரைந்தவர் அங்கே ஒருநாளாவது சமைத்திருக்க மாட்டார். பின்கதவுகளை ஒட்டி, மூடியில்லாத சிமெந்துக் கழிவுநீர்க் கான் ஒன்று மேலிருந்து கீழே ஓடியது. முதல் வீட்டு மீன்செதில் என் அடுப்படி வாசலில் வந்து நிற்கும். ஒன்பது வீட்டுக் கஞ்சித்தண்ணீர், எச்சில், பிள்ளைகளின் மூத்திரம் எல்லாம் என் வாசலோடு முடியும். அதற்கப்பால் வெறும் மண்குழி.

வெள்ளிக்கிழமைதான் மோசம். விடிந்ததும் எல்லோரும் மஞ்சள்நீர் ஊற்றி வீடு கழுவிச் சாம்பிராணி போடுவார்கள். வாரத்து அழுக்கு முழுவதும் அன்று புறப்படும். மஞ்சள் மிதக்கும் அந்தக் கறுப்புச் சேற்றைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நானும் கழுவினேன். கழுவாவிட்டால் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

மகனுக்கு அப்போது பத்து மாதம். தவழ்ந்து போனவன் ஒருநாள் குழியருகே கைநிறையச் சேற்றோடு உட்கார்ந்திருந்தான். வாயிலும் சேறு. அன்று மாலையே வயிற்றோட்டம். நாலு நாள் சளியும் இரத்தமும். பால் போத்தலை நான் சரியாகக் கொதிக்க வைக்கவில்லையோ என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

பிள்ளை தேறியதும் முதல் வீட்டம்மாவிடம் போய், மீன்தண்ணீரையாவது வாளியில் பிடித்து அப்புறம் கொட்டமுடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க வாசலத் தாண்டிப் போயிருச்சுன்னா அது எங்க அழுக்கு இல்ல, தங்கச்சி."

அருவருப்போடு திரும்பி வந்தேன். கந்தோரில் முறையிட்டால் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று கணவர் தயங்கினார். நானே ஆங்கிலத்தில் மனு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்து குழியை மூடி, கானைச் சரிவில் நீட்டினார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கீழே தெருக்கூட்டுவோர் குடியிருக்கும் லயம் இருப்பது தெரியும். கான் போய் விழும் இடத்தை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வியாழன், அந்த லயத்துப் பெண்ணொருத்தி இடுப்பில் பிள்ளையோடு பின்கதவில் வந்து நின்றாள். பிள்ளைக்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

"வெள்ளிக்கிழமைல எத்தன மணிக்கு வீடு கழுவுவீங்க, அம்மா? கான்தண்ணி எங்க பைப்புக்கிட்டதான் வந்து விழுது. அதுக்கு முந்தித் தண்ணி புடிச்சிக்கிறோம்."

நான் கழுவுவது ஒன்பது மணிக்கு என்றேன். அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். மேலேயிருக்கும் ஒன்பது வீடுகளும் விடியும்போதே கழுவத் தொடங்கிவிடும் என்பதை நான் சொல்லவில்லை.