இருமல் இல்லாத வகுப்பு

பதுருன்னிசாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், சிரிப்பாள். தெம்பனிஸில் ஒரு தொடக்கப்பள்ளியில் நாங்கள் இருவரும் தமிழாசிரியைகள். அவள் அறையும் என் அறையும் அடுத்தடுத்து. நான் வயதில் மூத்தவள் என்பதால் அவளுக்கு லீலாக்கா.

அவளுடைய பயமெல்லாம் பிள்ளைகளைப் பற்றியதுதான். சார்ஸ் வந்த வருடம் அவளே பள்ளி மாணவி. வகுப்பில் தினமும் எல்லாரும் வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு காய்ச்சல் பார்த்த காலம். அப்போது எட்டிப் பார்த்த பயம், கோவிட் வந்தபோது மூட்டை முடிச்சோடு குடியேறிவிட்டது. காலையில் வந்ததும் மேசைகளைத் துடைப்பாள். கை கால் வாய்ப்புண் நோய் எங்கோ ஒரு பாலர் பள்ளியில் பரவுகிறது என்று காதில் விழுந்தால் போதும், பிள்ளைகளின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். யாராவது இருமினால் அவ்வளவுதான். பிள்ளையை ஆபீசுக்கு அனுப்பி, வீட்டுக்குப் போன் போட வைத்த பிறகுதான் அடுத்த வரியை வாசிப்பாள்.

“ஏன் பதுரு, புரையேறுனாகூட வீட்டுக்கு அனுப்பிடுவ போல?”

“ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாருக்கா பதில் சொல்றது?”

பெற்றோர்கள் அவளை மெச்சினார்கள். மாணவர் நலம் பற்றிக் கூட்டம் நடந்தால் முதல்வர் அவளைத்தான் உதாரணம் காட்டுவார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஜனவரியில், மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில் அது நடந்தது.

எங்கள் பள்ளிகளில் தாய்மொழிப் பாட நேரம் வந்தால் வகுப்பு கலையும். சீனப் பிள்ளைகள் ஒரு பக்கம், மலாய்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், தமிழ்ப் பிள்ளைகள் எங்களிடம். அப்படி அறை மாறுகிற கொஞ்ச நேரத்தில் பிள்ளை யார் பொறுப்பு என்று கேட்டால் எங்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. பிள்ளை தமிழ் வகுப்பில் இருக்கிறாள் என்று வகுப்பாசிரியர் நினைப்பார். பிள்ளை பள்ளிக்கே வரவில்லை என்று தமிழாசிரியர் நினைப்பார்.

யும்னா என்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை விஷயத்தில் அதுதான் ஆனது. அவளுக்கு ஆஸ்துமா உண்டு. அவளுடைய வகுப்பிலிருந்து தமிழுக்கு வருபவள் அவள் ஒருத்திதான். முந்தின நாள் டாக்டரிடம் எம்சி என்கிற மருத்துவச் சான்று வாங்கி விடுப்பில் இருந்தாள். அன்றும் நாற்காலி காலியாக இருக்கவே, இன்னும் உடம்பு தேறவில்லை போலும் என்று பதுரு பாடத்தைத் தொடங்கிவிட்டாள்.

பாதிப் பாடத்தில் ஆதவன் என்ற பையன் சொன்னான்: “டீச்சர், யும்னா இன்னைக்கு ஸ்கூலுக்கு வந்துட்டா. காலையில கேன்டீன்ல பாத்தேன்.”

என் அறை வாசலில் வந்து நின்ற பதுருவின் முகத்தில் ரத்தமே இல்லை. “லீலாக்கா, யும்னாவ காணோம்.”

எங்கள் பிள்ளைகளைப் பக்கத்து அறை மலாய் ஆசிரியையிடம் விட்டுவிட்டு இருவரும் ஓடினோம். மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் பதுரு திடீரென்று நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். எதைத் தேடிப் பார்க்கிறாள் என்று புரிந்ததும் நானும் எட்டிப் பார்த்தேன். கீழே மழைத் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

நான் யும்னாவின் வகுப்புக்குப் போனேன். தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டாள் என்றார் வகுப்பாசிரியர். பை மட்டும் நாற்காலியில் தொங்கியது. பையின் முன்பக்கத்தில் அவளுடைய இன்ஹேலர் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். மருந்து இங்கே இருக்கிறது, பிள்ளை எங்கே?

“லீலாக்கா!” தாழ்வாரத்தின் கடைசியில், மாணவிகள் கழிவறையிலிருந்து பதுரு அலறினாள்.

கடைசிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கதவுக்கு அடியில் வெள்ளைச் சப்பாத்து போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன. கூப்பிட்டால் பதில் இல்லை. கீச்கீச்சென்று இழுக்கிற மூச்சு மட்டும் கேட்டது. பூட்டின் வெளிப்பக்கத்தில் காசு நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும். பதுரு தன் வீட்டுச் சாவியை அதில் விட்டுத் திருப்பினாள். கை நடுங்கி இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாவது தரம் திறந்தது.

யும்னா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். பதுருவைப் பார்த்ததும் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

“இல்ல… டீச்சர்… நான்… இருமல.”

நான் இன்ஹேலரை அவள் வாயில் வைத்தேன். பதுரு ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். பிள்ளையின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததே இல்லை.

பதுரு ஆம்புலன்சிலேயே பிள்ளையோடு போய்விட்டாள். பள்ளி முடிந்து நான் மருத்துவமனைக்குப் போனபோது யும்னா பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்துவிட்டது. அவளுடைய அம்மா நஃபீசா சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். கடைச் சட்டையோடு அப்படியே ஓடி வந்திருந்தார்.

“இந்த மாசம் ஸ்கூல்லருந்து அடிக்கடி கூப்பிட்டாங்கல்ல டீச்சர். இன்னொரு தடவ பாதியில போனா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. வீட்ல பொலம்பிக்கிட்டு இருந்தேன். இது கேட்டுக்கிட்டே இருந்திருக்கு.” பிறகு பதுருவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீங்க கதவத் தொறக்கலன்னா என் புள்ள இல்ல. அல்லா உங்கள நல்லா வெச்சிருக்கணும்.”

பதுரு சூடு பட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதுதான் வாய் திறந்தாள். “அவ எனக்குப் பயந்துதான் ஒளிஞ்சிருக்கா, லீலாக்கா.” எந்நேரமும் அவளைக் கேலி பேசுகிற நான் அவள் கைப்பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் முதல் பாடத்துக்கு என்னைக் கூட வரச் சொன்னாள். வெளியே மழை. காலை அணிவகுப்பில்தான் பார்த்தேன், பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பதுரு வகுப்பின் முன்னால் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“யாருக்காவது இருமல் இருக்காம்மா? சளி இருக்கா? நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், போன் பண்ண மாட்டேன். சும்மா கை தூக்குங்க, போதும்.”

ஒரு கைகூட மேலே வரவில்லை.

அவள் இன்னொரு முறை கேட்டாள். முதல் வரிசையில் அதுவரை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஆதவன் அதையும் நிறுத்திவிட்டான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மார்பு ஒருமுறை குலுங்க, கண்ணில் நீர் முட்ட, டீச்சரைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

பதுரு என் கையைப் பிடித்தாள். அந்தக் கழிவறைக் கதவின் முன்னால்கூட அவள் கை இப்படி நடுங்கவில்லை.